அறிவித்த நாளுக்கும் அமலான நாளுக்கும் நடுவே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். கொரோனா காலத்தில் கணித மாதிரி போட்டவர்கள், அதாவது நோய் எப்படிப் பரவும் என்று சமன்பாடு போட்டுக் கணித்தவர்கள், சொன்னது ஒன்றும் பலிக்கவில்லை, அதற்கு ஜோசியமே மேல் என்று. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் அரியலூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 27 ஆண்டுகள் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவள். அந்த வாசகரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தவறு எங்கே நடந்தது என்று அவர் காட்டும் இடம் வேறு, நான் பார்த்த இடம் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்தக் கணக்கு ஒன்றும் நேற்று வந்ததில்லை. 1927இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் எடின்பரோவில் இருந்து வெளியிட்டது. ஊரில் உள்ள எல்லோரையும் மூன்று கூட்டமாகப் பிரிக்க வேண்டியது: இனிமேல் தொற்றக்கூடியவர்கள், இப்போது தொற்றோடு இருப்பவர்கள், குணமாகியோ இறந்தோ தொற்றிலிருந்து விலகிவிட்டவர்கள். முதல் கூட்டமும் இரண்டாம் கூட்டமும் எவ்வளவு கலக்கிறதோ அவ்வளவு வேகமாக நோய் பரவும். தொற்றக்கூடியவர்கள் குறையக் குறைய வேகம் தானாக இறங்கும். அவ்வளவுதான் அடிப்படை. பன்னிரண்டாம் வகுப்பில் வகைக்கெழுச் சமன்பாடு நடத்தும்போது, சூடான பொருள் ஆறுகிற கணக்கையும் நுண்ணுயிர் பெருகுகிற கணக்கையும் முடித்துவிட்டு இதையும் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இதில் நமக்கு ஒரு சொந்தமும் இருக்கிறது. மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலி பாஸ்டர் நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். அவர்கள் தங்கள் சமன்பாட்டைச் சரிபார்க்க எடுத்துக்கொண்டது பம்பாயில் 1905 டிசம்பரிலிருந்து 1906 ஜூலை வரை பிளேக் நோயில் வாரவாரம் இறந்தவர்களின் கணக்கு. கெர்மாக்குக்கு அப்போது பார்வையே கிடையாது. 1924இல் ஆய்வகத்தில் நடந்த விபத்தில் இரண்டு கண்களும் போய்விட்டன. அவர் மனக்கணக்காகவே இதையெல்லாம் செய்தார் என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்த இருவரும் தங்கள் கட்டுரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: பரவும் வேகம் மாறாது என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம், இந்த அனுமானங்கள் எதுவும் முழுக்கச் சரியல்ல, ஆகவே இது ஒரு தோராயம்தான் என்று. ஜோசியக்காரர் யாராவது இப்படி எழுதித் தருவாரா?

சரி, எங்கே இடறுகிறது என்று சொல்கிறேன். அந்தப் பரவும் வேகத்தைக் குறிக்கும் எண்ணை நாம் பெரும்பாலும் மாறிலியாக, அதாவது மாறாத எண்ணாக, வைத்துக்கொள்கிறோம். ஊரடங்கு வந்தால் அந்த மாறிலியை ஒரே நாளில் இறக்கிவிடுகிறோம், தளர்வு வந்தால் ஒரே நாளில் ஏற்றிவிடுகிறோம். வரைபடத்தில் பார்த்தால் படிக்கட்டு மாதிரி இருக்கும். மேல் படியில் இருந்து கீழ்ப் படிக்கு நேரே ஒரு கோடு. ஆனால் அரசாணை வெளியாகும் நிமிடத்துக்கும் அது அமலாகும் நிமிடத்துக்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் மக்கள் சும்மா இருப்பதில்லை. படி இறங்குவதற்கு முன்னால் ஒரு கூரான மேடு எழும்புகிறது.

2020 ஏப்ரல் 24 மாலை. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26ஆம் தேதி முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. நடுவில் இருந்தது 25ஆம் தேதி, ஒரே ஒரு சனிக்கிழமை. அன்று சென்னைக் கோயம்பேடு காய்கறிச் சந்தையில் சேர்ந்த கூட்டத்தை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். எங்கள் தெருப் பையன் ஒருவன் அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். "ஒரு ஆள் நிக்கிற எடத்துல பத்து ஆள் நின்னாங்க டீச்சர். மூட்டையை எறக்கக்கூட எடமில்ல. எல்லாரும் நாலு நாளைக்குச் சேத்து வாங்குறாங்க, அஞ்சாறு வீட்டுக்குச் சேத்து வாங்குறாங்க" என்றான். முகக்கவசம் போட்டிருந்தாயா என்று கேட்டேன். காலையில் போட்டதாகவும், வியர்வையில் நனைந்து பத்து மணிக்கெல்லாம் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டதாகவும் சொன்னான். நூறு கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு முகக்கவசத்தோடு மூச்சு விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் நான் எளிமைக்காக எடுத்துக்கொண்டவை. ஓர் ஊரில் 100 பேருக்குத் தொற்று இருக்கிறது. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக ஐந்து நாள் ஆகிறது. ஊரடங்கு நன்றாக நடந்தால் பத்துப் பேர் சேர்ந்து எட்டுப் பேருக்குத்தான் தருவார்கள், அதாவது பெருக்கல் எண் 0.8. இப்போது ஊரடங்குக்கு முந்தின நாள் கூட்டத்தில் 100 என்பது 300 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஊரடங்கை ஒழுங்காகவே கடைப்பிடிக்கிறோம். ஐந்து நாளில் 240. பத்து நாளில் 192. பதினைந்தில் 154. இருபதில் 123. இருபத்தைந்தாம் நாள் 98. ஒரே ஒரு நாள் கூட்டத்தைச் சரிக்கட்டி, கிளம்பின இடத்துக்குத் திரும்பவே 25 நாள் ஆகிறது. அன்றைக்கு விதிக்கப்பட்ட ஊரடங்கோ நான்கு நாள். தொற்று ஒரு கை மாறும் காலம்கூட இல்லை.

இந்தக் கணக்குக்குக் கணினி வேண்டியதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை போடும். ஆணை எழுதியவர்கள் பக்கத்தில் இதை யாரும் போட்டுக் காட்டியிருப்பார்களா என்பதுதான் இத்தனை வருடமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் தாமதம் என்று ஒன்று. இன்று தொற்றியவருக்கு அறிகுறி தெரிய ஐந்தாறு நாள். அவர் சளி மாதிரி கொடுத்து, முடிவு வந்து, மாலைச் செய்தியில் எண்ணாக வர மேலும் சில நாள். ஆக இன்றைய எண்ணிக்கை என்பது பத்து நாளுக்கு முந்தைய கூட்டத்தின் நிழல். ஏப்ரல் 25இன் விளைவு மே முதல் வாரத்தில்தான் தெரிந்தது. சந்தையை மே 5ஆம் தேதி மூடினார்கள். அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே, மூடப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. பேச்சு கிளம்பியதுமே மூட்டை தூக்குபவர்கள் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்கள். இரண்டாவது மேடு இது. அறிவிப்புகூட வரவில்லை, வெறும் பேச்சு.

எங்கள் பையனும் அப்படித்தான் வந்தான். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய காலி லாரியில் பதினோரு பேர். நெற்குன்றத்தில் எட்டுப் பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஓர் அறை, சாப்பாடு மெஸ்ஸில். சந்தை இல்லையென்றால் கூலி இல்லை, கூலி இல்லையென்றால் மெஸ்ஸும் இல்லை. அந்த அறையில் உட்கார்ந்து என்ன செய்வான்? ஊருக்கு வந்த மறுநாள் கணக்கெடுக்க வந்த சுகாதாரப் பணியாளர்களிடம் தானாகவே போய்ப் பெயர் கொடுத்தான். நான் பாடம் நடத்திய பள்ளியே அப்போது தனிமைப்படுத்தும் முகாம். பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் அவன் உட்கார்ந்து படித்த அறையிலேயே பாய் போட்டுப் படுத்திருந்தான். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. முடிவு வந்தபோது தொற்று இருந்தது. அவன் வீட்டில் ஆறு பேரில் நான்கு பேருக்கு. அப்பாயிக்கு மூச்சுத்திணறல் வந்து மருத்துவமனையில் பதினான்கு நாள் இருந்துவிட்டு நல்லபடியாகத் திரும்பி வந்தார்.

அந்த மே மாதத்தில் அரியலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் சில நாள்களிலேயே எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறியது. அதுவரை எங்கள் மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். தெருவில் அந்தக் குடும்பத்தைப் பார்த்தாலே கதவைச் சாத்தினார்கள். பையனுக்குப் பெயரே போய்விட்டது, எல்லோரும் கோயம்பேடு என்றே கூப்பிட்டார்கள். ஒரு நாள் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டே கேட்டான்: "டீச்சர், நான் வந்தது தப்பா? அங்கயே கெடந்திருக்கணுமா?"

தப்பு உன் மேல் இல்லை என்று சொன்னேன். ஒரு சனிக்கிழமையை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை என்று சொன்னேன். அவனுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. ஆனால் அன்று நான் அவனுக்குச் சொன்னதைத்தான் இன்று உங்களுக்கும் எழுதுகிறேன்.

அப்படியானால் அறிவிப்பே இல்லாமல் சட்டென்று மூடிவிடலாமா என்றால், அதையும் பார்த்தோம். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவில் நாடு மூடியது. நான்கு மணி நேரம். மளிகைக் கடைகளில் மக்கள் முட்டி மோதினார்கள். வெளியூர்த் தொழிலாளர்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்தார்கள். அவகாசம் கொடுத்தாலும் கூட்டம், கொடுக்காவிட்டாலும் துயரம். இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் கொடுப்பது, அந்த நாள்களில் எதைத் திறந்து வைப்பது, எந்தக் கூட்டத்தை எப்படிப் பிரிப்பது என்பது மனம்போன போக்கில் முடிவு செய்கிற விஷயமே இல்லை. கணக்குப் போட முடிகிற விஷயம். கோயம்பேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு காய்கறிக் கடைகளைத் திருமழிசைக்கும் பழக்கடைகளை மாதவரத்துக்கும் பிரித்தார்கள். நல்ல ஏற்பாடு. அதே பிரிவினையை ஏப்ரல் 24க்கு முன்னால் செய்திருந்தால் அந்தச் சனிக்கிழமை எப்படி இருந்திருக்கும்?

2021இல் மறுபடியும் பார்த்தோம். மே 10 முதல் ஊரடங்கு. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. மறுநாள் மே 22 அன்று அறிவிப்பு: 24 முதல் தளர்வுகள் இல்லாத ஊரடங்கு. நடுவில் 22, 23 இரண்டு நாளும் எல்லாக் கடைகளும் இரவு வரை திறந்திருக்கலாம், வெளியூர்ப் பேருந்துகளும் ஓடும். பேருந்து நிலையங்களில் கூட்டத்தைப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், நான் பயந்த அளவுக்கு அந்த முறை நடக்கவில்லை. மாநிலத்தின் எண்ணிக்கை அதன் பிறகு இறங்கத் தொடங்கிவிட்டது. பத்தாம் தேதியிலிருந்தே இருந்த கட்டுப்பாடு ஒரு காரணமாக இருக்கலாம். தொற்றக்கூடியவர்களே குறைந்துபோனது இன்னொரு காரணமாக இருக்கலாம். ஜூன், ஜூலையில் அரசு எடுத்த ரத்தப் பரிசோதனைக் கணக்கில் மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு, முன்பே தொற்றோ தடுப்பூசியோ பெற்றதைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அந்த இரண்டு நாள் கூட்டத்தால் இறக்கம் எவ்வளவு தள்ளிப்போனது? எந்த மாவட்டத்தில் கூடுதலாகத் தள்ளிப்போனது? மே கடைசியில் கோவையின் தினசரி எண்ணிக்கை சென்னையையே தாண்டியது. அதில் இந்த இரண்டு நாளுக்குப் பங்கு உண்டா, இல்லையா? நான் குற்றம் சாட்டவில்லை, கேட்கிறேன். மாவட்டவாரியான எண்கள் அரசிடம் இருக்கின்றன, பேருந்துப் பயணக் கணக்கும் இருக்கிறது. உட்கார்ந்து போட்டால் விடை வரும்.

கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை. அப்போது தரமணி கணித அறிவியல் நிறுவனத்தையும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்திருந்த ரணஜய் அதிகாரி, ராஜேஷ் சிங்குடன் இணைந்து 2020 மார்ச் கடைசியிலேயே ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்த வயதுக்காரர் எந்த வயதுக்காரரோடு எங்கே கலக்கிறார், வீட்டிலா, வேலையிலா, பள்ளியிலா என்று பிரித்துக் கணக்கிட்டு, 21 நாள் ஊரடங்கு மட்டும் போதாது, எடுத்ததும் தொற்று திரும்ப எழும்பும் என்று சொன்னார்கள். மூடுவது, கொஞ்சம் தளர்த்துவது, மறுபடி மூடுவது என்ற முறைகளையும் போட்டுக் காட்டினார்கள். அதற்குப் பத்து நாள் முன்னால் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்து வந்த அறிக்கை, தீவிர சிகிச்சைக்கு வருவோர் வாரத்துக்கு 100ஐத் தாண்டினால் கட்டுப்பாடு, 50க்குக் கீழே வந்தால் தளர்வு என்று பிரிட்டனுக்கு ஒரு கணக்குப் போட்டது. அப்படி மூடி மூடித் திறந்தாலும் மூன்றில் இரண்டு பங்குக் காலம் மூடியே இருக்க வேண்டிவரும் என்று சொன்னது. மாறும் கட்டுப்பாடுகளுக்கு ஏற்ற கணக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கணக்குகளிலும் திறப்பதும் மூடுவதும் பெரும்பாலும் விளக்கு சுவிட்சு மாதிரிதான். அதில் அந்தச் சனிக்கிழமையையும் சேர்க்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

எங்கள் மாநிலத்துத் தரவு உலகத்துக்கே பாடம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டு மாநிலங்களிலும் தொற்று உறுதியான 84,965 பேரையும் அவர்களோடு பழகிய 5,75,071 பேரையும் பின்தொடர்ந்த ஆய்வு 2020இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதில் 71 விழுக்காட்டுத் தொற்றாளர்களிடமிருந்து கண்டறியப்பட்ட தொடர்பாளர் யாருக்கும் தொற்று போயிருக்கவில்லை. மிகச் சிலரிடமிருந்துதான் பலருக்குப் போயிருக்கிறது. அந்த 5,75,071 என்ற எண்ணுக்குப் பின்னால் வீடு வீடாக வெயிலில் நடந்த கிராம சுகாதாரச் செவிலியர்களின் கால்கள் இருக்கின்றன. அவர்கள் கொண்டுவந்த செய்தி என்ன? பெரும்பாலானவர்கள் பரப்புவதில்லை, மிகச் சிலர்தான் பலருக்குப் பரப்புகிறார்கள். அந்தச் சிலருக்கு நெரிசல்தான் வழி விடுகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நாமே ஆணை போட்டு நெரிசலை உண்டாக்குவது எவ்வளவு பெரிய பிழை!

அந்த வாசகர் சொன்ன "பலிக்கவில்லை" என்பதற்கும் வருகிறேன். அவர் மனதில் இருப்பது 2020 அக்டோபரில் மத்திய அரசின் அறிவியல் குழு சொன்னதாக இருக்கலாம். உச்சம் கடந்துவிட்டது, 2021 பிப்ரவரிக்குள் தொற்று மிகவும் குறைந்துவிடும் என்று வந்த செய்தி. அதன் பிறகு ஏப்ரல், மே மாதங்களில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. நாட்டில் ஒரே நாளில் நான்கு லட்சத்துக்கு மேல். ஆனால் அந்தக் குழு சொன்ன வாக்கியத்தில் ஒரு 'என்றால்' இருந்தது. எல்லோரும் பாதுகாப்பு நெறிகளைத் தொடர்ந்து கடைப்பிடித்தால் என்றது. தலைப்புச் செய்தியில் அந்த 'என்றால்' விழுந்துவிட்டது. பிப்ரவரி மட்டும் நின்றது. நாமும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் போனோம். புதிய உருமாற்றமும் வந்து சேர்ந்தது. அந்தக் குழுவின் மாதிரியில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. புதிய உருமாற்றத்தை அது எதிர்பார்க்கவில்லை, இரண்டாம் அலையின் உயரத்தையும் தவறவிட்டது. ஆனால் நிபந்தனையை வெட்டிவிட்டு விடையை மட்டும் அச்சிட்டதில் பத்திரிகைகளுக்கும் பொறுப்பு இருக்கிறது. என் மாணவர் யாராவது "எனில்" என்பதை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதினால் நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

ஆகவே என் கோரிக்கை இரண்டே. ஒன்று அரசுக்கு. இனி ஒரு கட்டுப்பாடு வரும்போது, அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே எத்தனை மணி நேரம், அந்த நேரத்தில் எங்கே எவ்வளவு கூட்டம் எதிர்பார்க்கிறோம், அதனால் தொற்று எவ்வளவு ஏறும் என்ற கணக்கையும் ஆணையோடு சேர்த்து வெளியிட வேண்டும். எண் தவறலாம். தவறினால் அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். போடாத கணக்கைத் திருத்தவே முடியாது. கூலிக்கு வந்தவர்களுக்கு அந்த நாள்களில் சோறும் தங்குமிடமும் உண்டா என்பதும் அந்தக் கணக்கில் ஓர் உறுப்பு. அது இருந்தால் காலி லாரியில் பதினோரு பேர் ஏற மாட்டார்கள்.

இன்னொன்று உங்களுக்கு. கணிப்பு எதையாவது வெளியிடும்போது அதன் நிபந்தனையையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். "ஜூனில் உச்சம்" என்று மட்டும் போடாதீர்கள். "இப்போதைய கட்டுப்பாடு இப்படியே தொடர்ந்தால் ஜூனில் உச்சம்" என்று போடுங்கள். நான்கைந்து சொல்தான் கூடும்.

மேலே சொன்ன 100, 300 கணக்கை, கூட்டம் நடந்த ஊர், நடக்காத ஊர் என்று இரண்டு கோடுகளாக வரைபடத்தாளில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கையால் வரைந்ததுதான், ஆனால் அளவு சரியாக இருக்கும். இடம் இருந்தால் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
அரியலூர் மாவட்டம்